மந்தைவெளி மொட்டை மாடியில் ஸ்ட்ராபெரி பழுத்தது! விதையில் ஏமாந்த அத்தைக்கு நாற்று கை கொடுத்தது

சென்னை, மார்ச்.-

மந்தைவெளியில் ஒரு மொட்டை மாடியில் ஸ்ட்ராபெரி பழுத்து இருக்கிறது. கிலோ கணக்கில் அல்ல. எண்ணிப் பார்த்ததில் இதுவரை 14 பழம். அதிலும் ஐந்தை அணில் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"பதினாலு பழத்துக்கு ஒரு செய்தியா?" என்று கேட்டுவிடாதீர்கள். இதற்குள் ஒரு மோசடி இருக்கிறது, ஒரு திருட்டு இருக்கிறது, அடுக்குமாடித் தகராறு இருக்கிறது. 300 வருஷத்துக்கு முந்திய ஒற்றன் ஒருவனும் வருகிறான்.

மாடி என் அத்தையுடையது. அதாவது அத்தை குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டிடத்தின் பொது மொட்டை மாடி. ராமகிருஷ்ண மடம் ரோட்டில் இருந்து ரெயில் நிலையத்துக்குப் போகும் வழியில் உள்ள பழைய கட்டிடம். மாமா காலமான பிறகு அத்தைக்கு மாடியில் இருக்கும் ரோஜாத் தொட்டிகளும், நாலாம் வகுப்பு படிக்கும் பேத்தியும்தான் உலகம்.

போன வருஷம் தை மாதம் பேத்திக்கு ஒரு டப்பா ஸ்ட்ராபெரி வாங்கிக் கொடுத்தார். மேலே நாலு சிவப்பு, அடியில் இருந்தது எல்லாம் பாதி வெள்ளை. கடித்த குழந்தை முகத்தைச் சுளித்து, துப்பிவிட்டது. "ரெண்டு நாள் அரிசிப் பானையில் போட்டு வை, பழுத்துடும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

பழுக்கவில்லை. பழுக்காது. மாம்பழம், வாழைப்பழம் மாதிரி இது பறித்த பிறகு கனியும் சாதி அல்ல. நிறம் கொஞ்சம் ஏறலாம், இனிப்பு ஏறாது. செடியிலேயே முழுக்கச் சிவந்த பழம்தான் இனிக்கும். அப்படிச் சிவந்த பழம் லாரியில் ராத்திரி முழுக்கக் குலுங்கி வந்தால் நசுங்கிவிடும். அதனால் முன்கூட்டியே பறிக்கிறார்கள்.

"அப்போ நாமே வச்சுப் பார்த்தா என்னப்பா?" என்று அத்தை என்னிடம் கேட்டார். கதை அங்கேதான் தொடங்கியது.

149 ரூபாய் மோசடி

அத்தைக்காக போனில் விதை ஆர்டர் செய்தது நான்தான். 100 விதை 149 ரூபாய். சிவப்பு பாதி, நீல நிறம் பாதி என்று போட்டிருந்தது. கரு நீலத்தில் பளபளவென்று படம்! தினமும் மோசடிச் செய்தி எழுதுகிறவன், அந்தப் படத்தைப் பார்த்து ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

பொட்டலம் வந்தது. அத்தை தட்டில் மண் பரப்பி, விதை தூவி, ஈரத்துணி போட்டு மூடி, காலையும் மாலையும் எட்டிப் பார்த்தார். பதினைந்தாம் நாள் ஏழு முளை வந்தது. பேத்தி ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தாள். ஒரு மாதத்தில் முழங்கை உயரம் வளர்ந்தது. கீழ் வீட்டு அம்மாள் துணி காயப்போட வந்தவர் பார்த்துவிட்டு, "இது குப்பைக்கீரைங்க. கடைஞ்சா நல்லா இருக்கும்" என்றார்.

கடைந்து சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

பிறகுதான் விசாரணையில் இறங்கினேன். நீல நிற ஸ்ட்ராபெரி என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. கம்ப்யூட்டரில் நிறம் மாற்றிய படம். சிவப்பு ரகமும் விதையில் இருந்து எடுப்பது வீட்டுக்காரர் வேலை அல்ல. நாம் சாப்பிடும் ஸ்ட்ராபெரி கலப்பினச் செடி. விதை போட்டால் தாய்ச்செடி மாதிரியே பிள்ளை வராது. அதனால் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் கொடியில் இருந்து பிரிந்த நாற்றைத்தான் நடுகிறார்கள். பழத்தின் மேல் தோலில் புள்ளி புள்ளியாக ஒட்டி இருக்கிறதே, தாவரவியல்காரர்கள் கணக்கில் அந்தப் புள்ளிதான் உண்மையான பழம். சிவப்புச் சதை, பூவின் அடித்தண்டு பருத்தது!

இப்படி ஏமாந்தவர்கள் சைபர் கிரைம் போலீசின் 1930 என்ற எண்ணுக்கும், நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்யலாம். நான் செய்யவில்லை. "சார், ஸ்ட்ராபெரி விதை கேட்டேன், கீரை முளைத்தது" என்று தெரிந்த போலீஸ்காரர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. மோசடிக்காரர்கள் 149 ரூபாய் என்று விலை வைப்பதே இதற்காகத்தான்.

நீலகிரி எக்ஸ்பிரசில் ஆறு செடி

டிசம்பரில் ஒரு வேலையாக ஊட்டி போனேன். அங்கே ஒரு தோட்டத்தில் நாற்று விற்றார்கள். ஒன்று 50 ரூபாய். ஆறு வாங்கினேன். வேரை ஈரச்சாக்கில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

பாதி ராத்திரியில் சாக்கு காய்ந்துவிட்டது. என் பாட்டிலில் தண்ணீர் இல்லை. எதிர் பெர்த்தில் இருந்த பெரியவர் தன் பாட்டிலைக் கொடுத்து, "செடிக்கா? ஊத்துங்க, எனக்கு ஈரோட்டில் வாங்கிட்டேன், இன்னொண்ணு இருக்கு" என்றார். இரண்டு செடி வழியிலேயே வதங்கியது. நாலு மந்தைவெளி வந்து சேர்ந்தது.

இதே மாதிரி ஒரு பயணத்தில்தான் இன்றைய ஸ்ட்ராபெரியே பிறந்தது என்பது பிறகு படித்துத் தெரிந்தது.

1712-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு மன்னர் 14-ம் லூயி, பிரேசியே என்ற ராணுவ என்ஜினீயரை தென் அமெரிக்காவுக்கு அனுப்பினார். சிலி, பெரு நாடுகள் அப்போது ஸ்பெயின் கையில். அங்கே உள்ள கோட்டை, துறைமுகங்களை வேவு பார்க்க வேண்டும். வியாபாரி வேஷத்தில் போனார். கோட்டையை வரைந்தவர் கண்ணில் ஒரு செடியும் பட்டது. கோழி முட்டை அளவுக்குப் பழம்! ஐரோப்பாவில் அப்போது இருந்தது சுண்டுவிரல் நுனி அளவுக் காட்டுப்பழம்தான்.

1714-ல் திரும்பும்போது சில செடிகளைக் கப்பலில் ஏற்றினார். ஆறு மாதக் கடல் பயணம். கப்பலில் நல்ல தண்ணீருக்கு ரேஷன். செடிக்குத் தண்ணீர் கொடுக்க அனுமதித்த சரக்கு அதிகாரிக்கு, பிழைத்த ஐந்து செடியில் இரண்டைக் கொடுக்க வேண்டி வந்தது. தண்ணீருக்காக கைமாறு கொடுப்பது சென்னையில் மட்டும் நடக்கும் காரியம் இல்லை போல.

வேடிக்கை என்னவென்றால், அவர் கொண்டு வந்தது எல்லாம் பெண் செடி. வளர்ந்தன, பூத்தன, காய்க்கவில்லை. பக்கத்தில் வட அமெரிக்காவில் இருந்து வந்த வேறு சாதிச் செடியை நட்ட பிறகுதான் காய்த்தது. ஸ்ட்ராபெரிப் பூவில் ஆண், பெண் உண்டு என்பதைக் கண்டுபிடித்து விளக்கியவர் துசேன் என்ற பையன். 1764-ம் ஆண்டு பெரிய பழம் காய்த்த தொட்டியை மன்னர் 15-ம் லூயியிடம் கொண்டு போய்க் காட்டினார். அந்த இரண்டு சாதியும் கலந்து பிறந்ததுதான் இன்று டப்பாவில் வருவது. ஒற்றன் பேரிலும் ஒரு பொருத்தம்: பிரெஞ்சு மொழியில் ஸ்ட்ராபெரிக்கு "பிரேஸ்" என்று பேர்!

சென்னையில் வருமா?

இதுதான் எல்லோரும் கேட்பது. அத்தையும் கேட்டார்.

ஊட்டியும் கொடைக்கானலும் 7 ஆயிரம் அடி உயரம். அங்கே வரும். நாட்டில் விளையும் ஸ்ட்ராபெரியில் பெரும்பகுதி மராட்டிய மாநிலம் மகாபலேஷ்வரில் இருந்து வருகிறது. அதற்கு 2010-ம் ஆண்டு புவிசார் குறியீடே கிடைத்தது. அதுவும் 4 ஆயிரத்து 400 அடி உயர மலை.

ஆனால் சமவெளியிலும் விளைந்து இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் உள்ள ஜான்சியைச் சேர்ந்த குர்லீன் சாவ்லா என்ற சட்டக்கல்லூரி மாணவி முதலில் வீட்டில் வைத்துப் பார்த்து, பிறகு வயலில் பயிரிட்டார். 2021-ம் ஆண்டு ஜனவரியில் ஜான்சியில் ஸ்ட்ராபெரி திருவிழாவே நடத்தினார்கள். அந்த மாதக் கடைசியில் பிரதமர் மோடி "மனதின் குரல்" வானொலிப் பேச்சில் அவரைக் குறிப்பிட்டார்.

"ஜான்சி வெயிலில் வரும்போது மந்தைவெளியில் வராதா?" என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கேதான் சூட்சுமம். கோடையில் ஜான்சி நம்மைவிடக் கொதிக்கும். ஆனால் குளிர்காலத்தில் அங்கே ராத்திரி போர்வை இல்லாமல் தூங்க முடியாது. நமக்கு மார்கழி, தையில்கூட ராத்திரி சராசரி 20, 21 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஸ்ட்ராபெரி மொட்டுக் கட்டுவதற்குப் பொழுது குறுகலாக இருக்க வேண்டும், குளிரும் வேண்டும். பொழுது நமக்குப் பிரச்சினை இல்லை. குளிருக்கு எங்கே போவது?

அதனால் சென்னைக்காரர் செய்யக்கூடியது ஒன்றுதான். மலைக்குளிரில் மொட்டுக்கான ஏற்பாட்டை முடித்துக்கொண்ட நாற்றை வாங்கி வந்து, மழை விட்டதும் மார்கழியில் நட்டு, மாசி முடிவதற்குள் அறுவடையை முடித்துவிட வேண்டும். சித்திரையில் செடி போய்விட்டது என்று அழக்கூடாது. மகாபலேஷ்வரில்கூட வருஷாவருஷம் புது நாற்றுதான் நடுகிறார்கள்.

அத்தையின் கைவேலை

தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் செம்மண். இதுதான் கலவை. மண் மட்டும் போட்டால் தொட்டி கனக்கும், மழை வந்தால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். நடும்போது குருத்து மண்ணுக்குள் போகக்கூடாது. அத்தை முதலில் ரோஜா மாதிரி நினைத்து ஆழமாக நட்டுவிட்டார். ஒரு செடியில் குருத்து கறுக்கத் தொடங்கியது. உடனே பிடுங்கி மேலாக நட்டதில் பிழைத்தது.

அடுத்த பிரச்சினை தண்ணீர். கட்டிடத்தின் போர் தண்ணீரில் உப்பு. பாத்திரத்திலேயே வெள்ளைப் படலம் நிற்கும். உப்பு ஸ்ட்ராபெரிக்கு ஆகாது. முதல் வாரத்திலேயே இலை ஓரம் தீய்ந்தது. அன்று முதல் மெட்ரோ வாட்டரில் ஒரு குடம் செடிக்கு என்று ஒதுக்கினார். அரிசி களைந்த தண்ணீரும் போனது.

ஜனவரி முதல் வாரம் வெள்ளைப்பூ வந்தது. முதல் பழம் கோணல் மாணலாக, பாதி வீங்கியும் பாதி சூம்பியும் இருந்தது. மகரந்தம் பூ முழுக்கப் படாவிட்டால் அப்படித்தான் ஆகும். மூணாவது மாடியில் தேனீ எங்கே வருகிறது? பேத்தியின் டிராயிங் பிரஷ்ஷை எடுத்து, காலை பள்ளிக்கூடம் போகும் முன்பு ஒவ்வொரு பூவாகத் தடவச் சொன்னேன். அதற்குப் பிறகு வந்தவை வடிவாக வந்தன.

திருட்டும் தகராறும்

பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒரே நாளில் மூன்று பழம் காணாமல் போயின. கீழ் வீட்டுப் பையன் மேல் சந்தேகம் விழுந்தது. மறுநாள் அத்தை படிக்கட்டில் மறைந்து உட்கார்ந்து பார்த்தார். மாமரக் கிளை வழியாக வந்த அணில், கையும் களவுமாகப் பிடிபட்டது. பிடிபட்டது என்றால், பார்த்ததோடு சரி. அது சாவகாசமாகப் பழத்தைச் சுற்றிச் சுற்றிக் கடித்துவிட்டுப் போனது. பையனின் அம்மாவிடம் அத்தை போய் வருத்தம் தெரிவித்தார். அவர் முகத்தில் இன்னும் முழுசாகச் சிரிப்பு வரவில்லை.

இதற்கு நடுவே அசோசியேஷனில் புகார்: தொட்டித் தண்ணீர் மாடித் தளத்தில் ஊறி, கீழ் வீட்டுக் கூரையில் ஈரம். கூட்டத்தில், "மாடியைச் சுத்தமாகக் காலி செய்ய வேண்டும்" என்று ஒருவர் பேசினார்.

இது பற்றி அத்தை கூறியதாவது:-

"அவங்க சொல்றதும் நியாயம்தான். ஊறினா கட்டிடம்தானே போகும்? இரும்பு ஸ்டாண்ட் மேலே தூக்கி வச்சேன், அடியில தட்டு வச்சேன். இப்போ சொட்டுத் தண்ணி தரையில படறதில்லை. ஆனா ரோஜாவையும் சேர்த்து எடுக்கச் சொன்னாங்க பாருங்க, அதுதான் மனசு கேக்கலை. அது அவர் வச்ச செடி."

ஸ்டாண்ட் பழைய சாமானில் கிடைத்தது. காசு இல்லை. வருஷக் கடைசி வரை பார்க்கலாம் என்று கூட்டத்தில் தள்ளி வைத்து இருக்கிறார்கள்.

மற்ற செலவு: நாற்று 300, தொட்டி 360, உரமும் நார்க் கழிவும் 250, பச்சை வலை 350. மொத்தம் 1,260 ரூபாய். பழம் ஒன்று 90 ரூபாய் விழுகிறது! விலைக்காக வளர்ப்பதாக இருந்தால் தக்காளி போடுங்கள். 2013-ம் ஆண்டு தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டம் கொண்டு வந்தபோது காய்கறி, கீரையைத்தான் முன்வைத்தது. காரணத்தோடுதான்.

அணிலுக்குப் போக மீதி 9 பழத்தில் ஏழு பேத்திக்கு, ஒன்று அத்தைக்கு, ஒன்று எனக்கு. முழுக்கச் சிவக்க விட்டுப் பறித்தது. வாய்க்குள் போனதும் கரைந்துவிட்டது. "கடைப் பழம் வேற, இது வேற" என்று பேத்தி சான்றிதழ் கொடுத்துவிட்டாள். கீழ் வீட்டுப் பையனுக்கு அவள் பங்கில் இருந்து இரண்டு போனதாகக் கேள்வி.

இப்போது வெயில் ஏறிவிட்டது. புதுப் பூ இல்லை. நாலு செடியில் இரண்டு, பூப்பதை விட்டுவிட்டு நீளமாகக் கொடி விட்டு இருக்கிறது. அதன் நுனியில் குட்டிச் செடி. அதை அறுத்து, நனைத்த சாக்கு சுற்றிய மண் தொட்டியில் வைத்து, முதல் மாடி கிழக்கு ஜன்னல் ஓரம் இறக்கிவிட்டார் அத்தை. 2003-ம் ஆண்டு மே மாதம் இந்த ஊரில் 45 டிகிரி அடித்ததை அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.

"தெரியும்பா. நிக்கலைன்னா டிசம்பர்ல நீ ஊட்டி போக மாட்டியா?" என்றார்.

முதல் மாடி கிழக்கு ஜன்னல், கீழ் வீட்டுப் பையனின் வீட்டு ஜன்னல். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அவனுக்குத்தான் கொடுக்கப்பட்டு இருக்கிறது.