எங்கள் ஊரின் ஒபேரா மாளிகை



பாட்டும் இசையுமாகவே நடக்கும் நாடகத்தை மேல்நாட்டில் ஒபேரா என்பார்கள். அதற்கென மும்பாயில் 1911இல் திறக்கப்பட்ட றோயல் ஒபேரா மாளிகையில் வசதி படைத்தோருக்குத் தனி மாடங்கள் இருந்தன. 1993இல் மூடப்பட்ட அம்மாளிகை, திருத்தப்பட்டு 2016இல் மீண்டும் திறக்கப்பட்டது.

எமது படுவான்கரையிலும் இசை நாடகத்துக்கு ஓர் அரங்கு உண்டு. அதுதான் வட்டக்களரி. மண்ணை வட்டமாக உயர்த்தி, சுற்றிவரக் கம்பு நட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டுவார்கள். நடுவில் அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்க, கூத்தர் சுற்றி ஆடுவர். நாற்புறமும் பாய் விரித்து ஊரே விடியும்வரை பார்க்கும். மாடம் யாருக்கும் இல்லை. இக்கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுசென்றார்.

மரபுக் களரியில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினர். ஆனால் வெல்லாவெளியில் நான் நடத்திய பெண்கள் கூட்டமொன்றில், யுத்தத்தில் கணவரை இழந்த ஓர் அம்மா, அவர் ஆடிய அருச்சுனன் பாட்டுகளைப் பிசகாமல் பாடினார். “அவர் பாடமாக்கக்குள்ள நான்தானே கொப்பியப் பாத்துப் பிழை சொன்ன” என்றார்.

மாளிகை பாழானால் பணத்தால் திருத்தலாம். களரியோ கூத்து முடிந்ததும் பிரிக்கப்படுவது. மீண்டும் கட்டுவதற்குப் பாட்டுத் தெரிந்தவர்கள் வேண்டும். ஆடிய பலரை யுத்தம் கொண்டுபோய்விட்டது. கேட்டிருந்த நாங்கள் இருக்கிறோம். நினைவிலுள்ள பாட்டுகளைப் பிள்ளைகளைக் கொண்டு கொப்பியில் எழுதுவிப்போம்.