பேட்டரி மாறியது, சார்ஜர் மாறவில்லை

கஜா புயல் அடித்த 2018 நவம்பரில், டெல்டா கிராமங்கள் பலவற்றில் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட இரவுகளுக்கென்றே வாங்கிப் பரணில் வைத்த எமர்ஜென்சி லைட், இறக்கி சுவிட்சைப் போட்டால் மினுக்கென்றுகூட எரியாமல் கழுத்தறுக்கும். உள்ளே இருக்கும் 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி, மாதக்கணக்கில் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து செத்துவிடும். எல்.இ.டி.க்களும் பிளாஸ்டிக் கூடும் மட்டும் வாங்கிய நாள்போல இருக்கும்.

அந்தக் கூட்டைக் குப்பையில் போட மனம் வராதவர்கள் லித்தியம் செல்லுக்கு மாறுகிறார்கள். பழைய லேப்டாப் பேட்டரிகள் பலவற்றைப் பிரித்தால் கிடைக்கும் 18650 செல்தான் எல்லோருக்கும் தோதானது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். எடை பெரும்பாலும் 50 கிராமைத் தொடாது. 4 வோல்ட்டில் எரிந்து பழகிய எல்.இ.டி.க்களுக்கு இதன் 3.7 வோல்ட் தாராளம். சில மாதம் பரணில் கிடந்தாலும் ஏற்றிய சார்ஜ் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இதேபோல் சார்ஜ் ஏறும் கட்டைக்கு மாற்றப்படும் மூணு கட்டை டார்ச்சுக்குக் கணக்கு வேறு. சாதாரணக் கட்டை 1.5 வோல்ட்; சார்ஜ் ஏறும் நிக்கல் கட்டை 1.2தான். மூன்றும் சேர்ந்து 4.5க்குப் பதில் 3.6 தரும்போது பழைய குண்டு பல்பு மஞ்சளாக அழுதுகொண்டு எரியும். அந்த வோல்ட்டுக்கு ஏற்ற எல்.இ.டி. பல்பைப் போட்டால் தீர்ந்தது.

எமர்ஜென்சி லைட்டில் இருப்பதோ வெளிச்சப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

செல்லை மாற்றுகிறவர்களில் பலர், விளக்கின் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் பழைய சார்ஜிங் பின்னை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஈய-அமில பேட்டரி நிறைய ஏறத்தாழ 4.8 வோல்ட் வேண்டும். அந்தப் பின்னோடு இணைந்த சார்ஜிங் சுற்று அதற்காகவே செய்யப்பட்டது. லித்தியம் செல்லுக்கு எல்லை 4.2. அதற்கு மேல் ஏற ஏற உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், வாயு சேரும், செல் வீங்கும், தீப்பிடிக்கவும் செய்யும். மலிவு விளக்குகள் பலவற்றில் டிரான்ஸ்பார்மரே கிடையாது. ஒரு கண்டன்சர் மட்டும் 230 வோல்ட்டைத் தடுத்து மின்னோட்டத்தைச் சொட்டுச் சொட்டாக விடும். பேட்டரி நிறைந்ததும் நிறுத்தும் ஏற்பாடு பலவற்றில் இல்லை. இரவு சொருகிவிட்டுத் தூங்குவதுதான் நம் வீடுகளில் வழக்கம் என்பதை நினைத்தால் பதறுகிறது.

தீர்வுக்குப் பெரிய செலவும் இல்லை. டி.பி.4056 என்ற சில்லு பொருத்திய சின்ன சார்ஜிங் போர்டு, செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டை வாங்கி 4.2ல் தானாக நிறுத்திக்கொள்ளும். இதிலும் கவனம் வேண்டும். நாலு முனை போர்டு சார்ஜ் மட்டுமே ஏற்றும். ஆறு முனை உள்ளதுதான் செல் அடியோடு வற்றிப்போகாமலும் காக்கும். விளக்கின் கம்பி செல்லில் அல்ல, போர்டின் வெளியேறு முனைகளில் சேர வேண்டும். பழைய செல்லுக்கு போர்டு தரும் 1 ஆம்பியர் அதிகம் என்று நினைப்பவர்கள், போர்டிலுள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 2.4 போட்டால் அது பாதியாகும். செல்லின் மேல் நேரடியாகச் சூடு வைத்துப் பற்றவைக்காமல் ஹோல்டரில் பொருத்துவது நல்லது. கொள்ளளவு 9,900 எம்.ஏ.எச். என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த செல்லை நம்பவே கூடாது; 18650 அளவில் அதில் பாதியைத் தொடும் செல்லே கிடையாது.

இந்த வம்பே வேண்டாம், புது விளக்கு வாங்கிவிடலாம் என்பாரும் உண்டு. மலிவான புது விளக்குகள் பலவற்றிலும் அதே ஈய-அமில பேட்டரிதான்.

வேலை முடிந்ததும் செய்ய வேண்டியது ஒன்று மிச்சம். மாற்றியவருக்கு விஷயம் தெரியும், வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாது. பின் கண்ணில் பட்டால் பழக்க தோஷத்தில் சொருகத்தான் செய்வார்கள். அதை உள்கம்பியோடு பிடுங்கி எறிந்து, ஓட்டையைப் பசை போட்டு அடைத்த பிறகே கூட்டின் திருகாணிகளை முடுக்க வேண்டும்.