உங்களுக்குத் தெரியுமா? ஜப்பானில் தொலைந்த சனிக்கிழமை

போலந்திலிருந்து தப்பி லிதுவேனியாவில் தவித்த யூதர்களுக்கு, கௌனாஸ் நகரில் இருந்த ஜப்பானியத் துணைத் தூதர் சியூனே சுகிஹாரா 1940-இல் 2,000-க்கும் மேற்பட்ட விசாக்களை எழுதிக் கொடுத்தார். சைபீரியாவை ரயிலில் கடந்து, கப்பலேறி, கோபே நகரை அடைந்தவர்களுக்கு உயிர் மிஞ்சியது. கூடவே ஒரு புதுக் கவலை: இன்று என்ன கிழமை?

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு முடியும். அந்நேரத்தில் அடுப்புகூட மூட்டக் கூடாது. ஆனால் பசிபிக் கடலில் நாடுகள் வகுத்த தேதிக் கோடு மதச் சட்டத்தைக் கட்டுப்படுத்தாதே! நாள் மாறும் கோடு எருசலேமுக்கு 90 பாகை கிழக்கே உள்ளது என்றார் ஹசோன் இஷ் என்ற பேரறிஞர். அப்படியானால் அதற்குக் கிழக்கே உள்ள ஜப்பானின் ஞாயிறுதான் உண்மையான ஓய்வுநாள். வேறு ரபிகள் (யூத மதகுருக்கள்) சனிதான் என்றனர். இரண்டு நாளும் வேலையைத் தவிர்த்தவர்கள் உண்டு.

1941 அக்டோபரில், சொட்டு நீரும் அருந்தாமல் ஏறத்தாழ 25 மணி நேரம் நோன்பிருக்கும் யோம் கிப்பூர் வந்தது. எந்த நாளில் நோன்பிருப்பது என்று கேட்டு எருசலேமுக்குத் தந்தி பறந்தது. அங்கே கூடிய ரபிகள் புதன் என்றார்கள். ஹசோன் இஷ் வியாழன் என்றார். எல்லாவற்றையும் இழந்து வந்த நிலையிலும் சிலர் இரு நாளும் நோன்பிருந்தார்கள். எத்தனை உறுதி!

அகதிகளில் பலர் அதே ஆண்டில் ஷாங்காய்க்கு மாற்றப்பட்டனர். ஹசோன் இஷ் கணக்கிலும் அந்நகரம் கோட்டுக்கு மேற்கே இருந்ததால், அங்கே சனி சனியாகவே இருந்தது.