பெயர்ப் பலகை போதுமா?

கையிற் பொருளின்றி மனத்திலேயே சிவாலயம் எழுப்பினார் பூசலார் நாயனார். அவர் வாழ்ந்த ஊர் நமது திருநின்றவூர். பக்திக்கு மனம் ஒன்றே போதும், பந்தாட்டத்திற்குப் போதுமா?

2016-ஆம் ஆண்டில் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்னும் கிரிக்கெட் போட்டி எட்டு அணிகளுடன் ஆரம்பமாயிற்று. அவற்றுள் ஒன்று நமது ஜில்லாவின் பெயரைத் தாங்கிய 'திருவள்ளூர் வீரன்ஸ்'. ஆனால் அவ்வாண்டுப் பந்தயங்கள் சென்னையிலும், நத்தத்திலும், திருநெல்வேலியிலுமே நடைபெற்றன. திருவள்ளூர் அணியைத் திருவள்ளூரார் காண விரும்பினால் சென்னைக்கு ரயிலேற வேண்டும்! 2018-இல் அதே அணி 'காஞ்சி வீரன்ஸ்' ஆயிற்று. 2021-இல் காஞ்சியும் மறைந்து 'நெல்லை ராயல் கிங்ஸ்' தோன்றிற்று. கடை ஒன்றே; பெயர்ப் பலகைதான் மூன்று.

நமது ஜில்லா ஏழை என்று யாரும் சொல்ல முடியாது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, கும்மிடிப்பூண்டியில் சிப்காட், காட்டுப்பள்ளியில் துறைமுகம் இருக்கின்றன. ஆனால் செல்வம் இருப்பது வேறு. அது ஆட்டக்களத்திற்கு வந்து சேர்வது வேறு. நுழைவுச் சீட்டு, விளம்பரம், ஒளிபரப்பு உரிமை ஆகியவையே ஓர் அணியின் முக்கிய வருவாய்கள். இவற்றுள் உள்ளூராரை அணியோடு பிணைப்பது நுழைவுச் சீட்டு. சொந்த மைதானம் இல்லாத ஊரில் அந்தப் பிணைப்பு ஏது?

வெற்றி மட்டும் காப்பாற்றுமா என்றால், அதுவும் இல்லை. கோயமுத்தூரைக் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி கால்பந்து அணி, 2018-19-இல் ஐ-லீக் பட்டத்தையே வென்றது. 2020-21-க்குப் பின் அந்த லீகில் அது இல்லை.

இனி அமெரிக்காவைப் பாருங்கள். கிரீன் பே என்னும் சிற்றூரின் ஜனத்தொகை ஏறக்குறைய ஒரு லட்சம். அவ்வூரின் 'பேக்கர்ஸ்' என்ற அமெரிக்கக் கால்பந்து அணி 1919-இல் தோன்றி, இன்றும் அங்கேயே ஆடுகிறது. காரணம் இரண்டு. முதலாவது, 1923 முதல் அதன் பங்குகள் பொதுமக்களிடம் உள்ளன; இன்று பங்குதாரர் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கு லாபப் பங்கு கிடையாது. அணியை வேற்றூருக்கு விற்கும் ஆசையும் கிடையாது. இரண்டாவது, தேசிய ஒளிபரப்பு வருமானத்தை லீகின் அணிகள் யாவும் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே சிற்றூரும் நியூயார்க்குடன் தோளோடு தோள் நிற்கிறது.

நமக்கும் வழி இதுவே. முதலில் புல் வளர்ந்த பொது மைதானம். அடுத்து, பள்ளிகளும் தொழிற்சாலைகளும் மோதும் ஜில்லாப் பந்தயங்கள். பிறகு சிறு சிறு பங்குகளாக ஊராரே உடைமை கொள்ளும் அணி. நம் மண்ணில் பழகிய பையன்கள், நம் மைதானத்தில், நம் பணத்தில் ஆடட்டும். சுதேசியம் என்பது சட்டையில் ஊர்ப் பெயரைப் பொறிப்பதோடு முடிவதன்று.