கருப்பட்டிக் கிடங்கும் சுவர் ஈரமும்

உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. எனினும், ஈரம் ஏறிய கிடங்கில் வைத்த கருப்பட்டி கசிந்து விலை குறைந்துவிடும்.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், நிலத்தின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே சுவரில் ஏறுகிறது. கடல் மணலைக் காரையிற் சேர்ப்பின், அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தையும் இழுக்கும். பூச்சு பொரிந்து உதிரும். ஆகையால் உப்பில்லாத மணலையே கொள்ளல் வேண்டும்.

மேலும், தரைக்கு மேல் அரையடிக்குக் குறையாத உயரத்தில், சுவரின் முழு அகலத்திற்கும் ஈரத்தடுப்புப் படை ஒன்று அவசியம். ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் கலந்த காரையை முக்கால் அங்குல கனத்தில் பரப்பி, இறுகி உலர்ந்தபின் காய்ச்சிய தாரை இருமுறை பூசுக. இடையில் முறிவிருப்பின் அவ்வழியே ஈரம் ஏறும்.

சுவர் எழும்பியபின் இதனைச் செய்வது கடினம், செலவும் மிகும். ஆதலின், கிடங்கிற்கு மதிப்பீடு தயாரிக்கும்போதே சங்கத்தார் இவ்வேலையைச் சேர்த்துக்கொள்ளல் நலம்.