'டக்' சத்தம் கேட்டதா?

கம்ப்யூட்டரில் கேம் விளையாட உங்களுக்குத் தெரியும். அந்தக் கம்ப்யூட்டரையே உருவாக்கத் தெரியுமா சுட்டீஸ்? "அதெல்லாம் இன்ஜினியர் வேலை" என்று ஓடாதீர்கள்! ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு பெரிய மேஜை, கூடவே உட்கார வீட்டுப் பெரியவர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவை இருந்தால் போதும். போன கோடை விடுமுறையில் என் அக்கா பையனும் நானும் இப்படி ஒன்றை அசெம்பிள் செய்தோம். அவன் எட்டாம் வகுப்பு. நடுவில் கொஞ்சம் அழுகையும் நடந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

பாகங்கள் வாங்கச் சென்னை அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவுக்குப் போனோம். எங்கு திரும்பினாலும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள்தான். கண்ணாடிக் கதவு வைத்து, ஏழு கலரில் விளக்கு எரியும் ஒரு கேபினட் முன்னால் என் மருமகன் நின்றுவிட்டான். "விளக்கு எரிஞ்சா கேம் வேகமா ஓடுமாடா?" என்று கேட்டேன். முகம் சுருங்கியது. பணம் அவன் அப்பாவின் போனஸ் பணம் ஆயிற்றே! சாதாரண இரும்பு கேபினட்டை வாங்கினோம். மிச்சமான பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போனது.

அந்தக் கார்டுக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்? ஒரு கணக்குப் போடுவோம். சாதாரண மானிட்டரில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள். பெருக்கினால் 20 லட்சத்துக்கும் மேல்! கேமில் வண்டி சீராக ஓட வேண்டுமானால் நொடிக்கு 60 படமாவது வேண்டும். அதாவது ஒரே நொடியில் 12 கோடிக்கும் அதிகமான புள்ளிகளுக்கு வண்ணம் பூச வேண்டும்.

பொங்கலுக்குப் பள்ளி மைதானம் முழுக்கக் கோலம் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சிக்கலான கோலமும் போடத் தெரிந்த கெட்டிக்கார அக்கா ஒருவர் இருக்கிறார். அவர்தான் பிராசசர். ஆனால் மைதானம் முழுக்க அவரே போட்டால் விடிந்துவிடும். ஆளுக்கு ஒரு கட்டமாக ஆயிரம் பிள்ளைகள் உட்கார்ந்து கலர்ப் பொடி தூவினால்? அதுதான் கிராபிக்ஸ் கார்டு. அதற்குள் சின்னச் சின்னக் கணக்கு போடும் பகுதிகள் ஆயிரக்கணக்கில் உண்டு.

இன்னொன்றிலும் கஞ்சத்தனம் கூடாது. கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்பார்களே, அந்தப் பெட்டி. சுவரில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவது அதுதான். மட்டமானது கெட்டால் கூட இருக்கிற பாகங்களையும் சேர்த்துக் கெடுக்கலாம். அந்தப் பெட்டியை மட்டும் எப்போதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

வாங்கும்போது பொருத்தமும் பார்க்க வேண்டும். பிராசசரும் மதர்போர்டும் ஒரே சாக்கெட் வகையாக இருக்க வேண்டும். எங்களுடையது ஏ.எம்.5. அதற்கு டி.டி.ஆர்.5 ராம்தான் சேரும். டி.டி.ஆர்.4 ராமிலும் அதே 288 பின்தான் என்றாலும், நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். தவறானதை வாங்கினால் உள்ளேயே போகாது.

வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினோம். முதலில் இரும்பு கேபினட்டைத் தொட்டுக்கொண்டோம். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். பிறகு பிராசசர். ஏ.எம்.5 சாக்கெட்டில் தலைமுடி மாதிரி மெல்லிய 1718 பின்கள்! ஒன்று வளைந்தாலும் தொல்லைதான். முன்பொரு முறை அவசரத்தில் நானே ஒரு போர்டை இப்படி வீணாக்கியிருக்கிறேன். மூலையில் உள்ள முக்கோணக் குறிகளைப் பொருத்திப் பார்த்து, பூ வைப்பதுபோல் வைக்க வேண்டும். அழுத்தவே கூடாது. "அழுத்தாதே... அழுத்தாதே..." என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். இதை நினைவில் வையுங்கள்!

அடுத்து ராம், எஸ்.எஸ்.டி., பிராசசர் மேல் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து ஃபேன். பின்பு போர்டைக் கேபினட்டுக்குள் இறக்கினோம். அடியில் பித்தளைக் குமிழ்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போர்டு இரும்பில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். எஸ்.எம்.பி.எஸ்., கிராபிக்ஸ் கார்டு, ஒயர்கள்... எல்லாம் முடிய மாலை ஐந்து மணி.

சுவிட்சைப் போட்டான். ஃபேன்கள் சுற்றின. ஒரே கைத்தட்டல்! ஆனால் மானிட்டரில் ஒன்றுமே வரவில்லை. மானிட்டர் ஒயரை மதர்போர்டில் செருகிவிட்டோமோ? இல்லை, கிராபிக்ஸ் கார்டில்தான் இருந்தது. டி.டி.ஆர்.5 ராமில் முதல் தடவை படம் வர சில நிமிடம் ஆகலாம் என்பதால் காத்திருந்தோம். பத்து நிமிடம் ஆயிற்று. இருட்டுதான்.

"நான்தான் கெடுத்துட்டேன் மாமா. அப்பாகிட்ட சொல்லாதீங்க." சொல்லும்போதே கண்ணில் நீர்.

கெட்டதா இல்லையா என்று போர்டே சொல்லும். பல போர்டுகளில் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எங்கே தகராறோ அந்த விளக்கு எரியும். எங்கள் போர்டில் 'டிராம்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எரிந்தது. ராம்தான்! அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குனிந்து பார்த்தோம். ஒரு ராமின் ஒரு முனை அரிசி மணி அளவு தூக்கிக்கொண்டிருந்தது.

தப்பு அவனுடையது இல்லை. காலையிலிருந்து "அழுத்தாதே" என்று சொன்னவன் நான்தானே! பிராசசருக்குச் சொன்னதை அவன் ராமுக்கும் கடைப்பிடித்திருக்கிறான். ராமை அப்படி விடக்கூடாது. இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு முனையையும் நன்றாக அழுத்த வேண்டும். கிளிப் பூட்டிக்கொள்ளும் சத்தம் வரும் வரை.

அழுத்தினான். டக்!

மறுபடி சுவிட்ச். கொஞ்ச நேரம் இருட்டு. பிறகு திரையில் எழுத்துகள். பிராசசரின் பெயர், அதன் கீழே ராம் 16 ஜி.பி. இரண்டு ராமும் கணக்கில் வந்துவிட்டன! "அப்பா, இங்க வாங்க!" என்று அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரரும் வந்துவிட்டார்.

அன்று கேம் எதுவும் விளையாடவில்லை. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் விண்டோஸைத் தயார் செய்து ஏற்றவே இரவாகிவிட்டது. கேபினட்டின் பக்க மூடியைப் போடலாம் என்று எடுத்தேன். "இருக்கட்டும் மாமா, இன்னும் கொஞ்ச நேரம்" என்று உள்ளே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.