முன்னால் ஓடியவர் ஏன் பின்தங்கினார்?

ஆவடிப் பக்கம் விடியற்காலையில் நடந்து போனால், மைதானங்களில் இளைஞர்கள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். பலர் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு வரும் ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். 400 மீட்டர் ஓடுதளத்தில் இது மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 112 விநாடி. உடல்நலமுள்ள இளைஞர் ஒருவருக்கு இது எட்டாத வேகமன்று. ஆயினும் ஆண்டுதோறும் பலர் இதில் தவறிவிடுகிறார்கள்.

எப்படித் தவறுகிறார்கள்? ஒருவர் முதல் சுற்றை 80 விநாடியில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறார், பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள். இரண்டாம் சுற்று 110 விநாடி, மூன்றாவது 135. கடைசி 300 மீட்டரில் கால்கள் ஈயமாகக் கனக்க, அதற்கு 105 விநாடி ஆகிறது. கூட்டிப் பாருங்கள்: 430 விநாடி. பத்து விநாடியில் வேலை கைநழுவிப் போயிற்று! உடலில் வலு இல்லாமல் அன்று. வலுவைச் செலவிட்ட முறையினால்.

இந்தச் செலவுக் கணக்கு 1500 மீட்டருக்கு மட்டும் உரியதன்று. இதை மிகப் பெரிய அளவில் காண வேண்டுமானால் டிரையத்லான் என்னும் போட்டியைப் பார்க்க வேண்டும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் அடுத்தடுத்துச் செய்யும் போட்டி அது. 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஓவாஹு தீவில் ‘அயர்ன்மேன்’ என்ற பெயரில் இதன் கடினமான வடிவம் முதன்முதலாக நடந்தது. ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் 42.2 கிலோமீட்டர் மாரத்தான். 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். கோர்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலாவதாக வந்தார். ஓட்டத்தைத் தொடங்கியபோது அவருக்கு முன்னால் ஜான் டன்பார் என்ற வேறொருவர் இருந்தார். வழியில் அவருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவர் இரண்டாவதாக வந்தார். இந்தியாவில் 2019 அக்டோபரில் கோவாவில் இதன் பாதித் தூரப் போட்டி நடைபெற்றது. பங்கு பெறுகிறவர்களில் பெரும்பாலோர் அலுவலகம் போய்வரும் சாதாரண மனிதர்களே. அவர்கள் முதலில் கற்கும் பாடம், வேகத்தை அடக்குவது!

ஏன் என்பதற்கு இயற்பியல் தரும் விடையை முதலில் சைக்கிளில் பார்ப்போம். அம்பத்தூர்க்காரர்களுக்கு சைக்கிளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் ஹெர்குலிஸ் சைக்கிள்களைச் செய்தது அந்த ஊரில்தான்.

சைக்கிளில் போகும்போது உங்களை எதிர்ப்பது பெரும்பாலும் காற்று. அதன் தடைவிசை வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. ஆனால் நீங்கள் கொடுக்கவேண்டிய திறன், விசையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது. எனவே திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயரும். இரு மடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு திறன்! நிமிர்ந்து உட்கார்ந்து மிதிப்பவருக்குக் காற்றைத் தள்ள மட்டும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 50 வாட் தேவை. 25 கிலோமீட்டரில் 100 வாட். 30 கிலோமீட்டரில் 174 வாட். (டயரின் உராய்வையும் சேர்க்க வேண்டும்தான். ஆனால் அது வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை என்பதால் இங்கே விட்டுவிடுவோம்.)

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் 40. ராமன் முழுத் தூரத்தையும் 25 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறான். கோபால் போகும்போது 30, களைத்துத் திரும்பும்போது 20. சராசரி இருவருக்கும் 25தானே என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள்! ராமனுக்கு ஆவது 96 நிமிடம். கோபாலுக்குப் போக 40 நிமிடம், வர 60 நிமிடம். ஆக மொத்தம் 100 நிமிடம். அவனுடைய சராசரி வேகம் 24தான். மெதுவாகப் போகும் பாதிக்குத்தான் அதிக நேரம் செலவாகிறது என்பதே காரணம்.

சரி, நான்கு நிமிடம் தாமதமானாலும் கோபாலுக்கு உழைப்பாவது மிச்சமா? திறனை நேரத்தால் பெருக்குங்கள். காற்றோடு போராட ராமன் செலவிட்டது சுமார் 580 கிலோஜூல். கோபால் செலவிட்டது சுமார் 600 கிலோஜூல். கூடுதலாக உழைத்துத் தாமதமாக வந்து சேர்ந்தான் கோபால்.

அப்படியானால் எப்போதும் ஒரே வேகத்தில் போவதுதான் சரியா? அதுவும் முழு உண்மையன்று. நம் ஊரில் பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். மெரினாவில் முதலில் வீசி, பூந்தமல்லிக்குச் சற்றுத் தாமதமாக வந்து சேரும். அது மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும்போது காற்று உங்கள் முதுகைத் தள்ளுகிறது. 25இல் போக 36 வாட் போதும். திரும்பும்போது அதே 25க்கு ஏறத்தாழ 200 வாட் வேண்டும்! வேகமானியை மட்டும் பார்த்து மிதிப்பவர் இங்கேதான் ஏமாறுகிறார். 100 வாட் என்ற உழைப்பை இரு பக்கமும் காத்தால், போகும்போது 32 கிலோமீட்டர் வேகத்திலும் வரும்போது 19 கிலோமீட்டர் வேகத்திலும் போவீர்கள். எதிர்காற்றில் உழைப்பைச் சற்றே கூட்டலாம். ஆனால் ஐந்து மடங்காக்கினால் உடல் தாங்காது. மேம்பாலம் ஏறும்போதும் இதே கதைதான். சமமாக இருக்க வேண்டியது உழைப்பு, வேகம் அன்று. தேர்ந்த சைக்கிள் வீரர்கள் தங்கள் மிதிகட்டையில் வாட் காட்டும் கருவியைப் பொருத்திக்கொள்வது இதனால்தான்.

நீச்சலில் இந்தத் தண்டனை இன்னும் கடுமை. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது.

இப்போது ஓட்டத்துக்கு வருவோம். இங்கே ஒரு புதிர் காத்திருக்கிறது. ஓடுகிறவருக்குக் காற்றுத் தடை குறைவு. ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோகிராம் எடைக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி ஆகிறது. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இது பெரிதாக மாறுவதில்லை. அப்படியானால் முதல் சுற்றில் பறந்தவர் ஏன் களைக்க வேண்டும்?

விடை எரிபொருளில் இருக்கிறது. நம் தசைகளிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. இது கையில் உள்ள ரொக்கம் போன்றது. உடனே செலவிடலாம், ஆனால் அளவு குறைவு. மொத்தம் ஏறத்தாழ 2000 கிலோகலோரிதான். கொழுப்போ வங்கியில் போட்ட நிரந்தர வைப்பு. ஒல்லியானவரிடமும் பல்லாயிரம் கிலோகலோரி உண்டு. ஆனால் மெல்ல மெல்லத்தான் எடுக்க முடியும். 60 கிலோ எடையுள்ளவர் மாரத்தான் ஓட 2500 கிலோகலோரிக்குச் சற்று மேல் தேவை. ரொக்கம் மட்டும் போதாது என்பது தெரிகிறதல்லவா? மிதமாக ஓடும்போது உடல் இரண்டையும் கலந்து எரிக்கிறது. வேகம் கூடக் கூட மாவுப்பொருளின் பங்கு உயர்கிறது. தொடக்கத்தில் பறந்தவர் 30 கிலோமீட்டர் அளவில் ரொக்கம் தீர்ந்து நிற்கிறார். வழியில் பழமும் சர்க்கரை நீரும் அருந்துவது ஓரளவுக்கே ஈடுகட்டும்.

1500 மீட்டரில் கிளைகோஜன் தீர்ந்துபோவதில்லை. அங்கே முட்டுக்கட்டை ஆக்சிஜன். இதயமும் நுரையீரலும் தரும் அளவைத் தாண்டி ஆற்றல் கேட்டால், தசை ஆக்சிஜன் இல்லாத குறுக்குவழியில் அதைத் தயாரிக்கும். அப்போது தசைக்குள் ஹைட்ரஜன் அயனிகளும் பாஸ்பேட்டும் குவிந்து, அதன் சுருங்கும் வலு குறைகிறது. லாக்டிக் அமிலமே குற்றவாளி என்று பழைய புத்தகங்கள் சொல்லும். பாவம், லாக்டேட் உண்மையில் ஓர் எரிபொருள். இதயமே அதைப் பயன்படுத்துகிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது வெப்பம். தசைகள் செலவிடும் ஆற்றலில் கால்பங்குக்கு மேல் வேலையாக மாறுவதில்லை. எஞ்சிய முக்கால் பங்கு வெப்பம்தான். 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்கு 450 கிலோகலோரி வெப்பம் பிறக்கும். அது வெளியேறாவிட்டால் உடலின் வெப்பநிலை ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 9 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும்! 40 டிகிரியைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. நம்மைக் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரியை எடுத்துச் செல்லும். ‘ஆவியானால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சென்னையின் ஈரக்காற்றில் பெரும்பகுதி சொட்டித் தரையில் விழுந்துவிடுகிறது. சொட்டிய வியர்வை குளிர்விப்பதில்லை. எனவே மே மாத வெயிலில் மாணவர்களை ஓடவிடுவது வீரப் பயிற்சியன்று, அறியாமை என்பதே என் கருத்து. தலைசுற்றல், தடுமாற்றம், பேச்சுக் குழறல் தோன்றினால் உடனே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீரூற்றிக் குளிர்வித்து மருத்துவமனைக்கு அழைக்க வேண்டும்.

உலகின் சிறந்த வீரர்கள் எப்படி ஓடுகிறார்கள்? கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023 அக்டோபரில் சிகாகோ மாரத்தானை 2 மணி 35 விநாடியில் ஓடி அன்றைய உலகச் சாதனையைப் படைத்தார். முதல் பாதிக்கு 60 நிமிடம் 48 விநாடி. இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 விநாடி. பிந்திய பாதியே வேகமானது. நம் புதுக்கோட்டை மாவட்டத்து கோ. லட்சுமணன் 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 5000 மீட்டர், 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 5000 மீட்டருக்கு அவருக்கு ஆனது 14 நிமிடம் 54 விநாடி. அடுத்த மாதமே லண்டனில் அதே தூரத்தை 13 நிமிடம் 35 விநாடியில் ஓடினார். ஆனால் அங்கே இறுதிப் போட்டிக்குத் தேறவில்லை. புவனேசுவரத்தின் புழுக்கத்தில் அவருக்கு வேண்டியிருந்தது முதலிடம், கடிகாரம் அன்று.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். உங்களுக்கு உடல்நலக் குறை ஏதும் இல்லையானால், காலை ஏழு மணிக்கு முன் நண்பர் ஒருவருடன் மைதானத்துக்குச் செல்லுங்கள். அவர் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறித்துக்கொள்ளட்டும். முதல் நாள் மனம்போல் ஓடுங்கள். இரண்டு நாள் ஓய்வுக்குப் பின், முதல் சுற்றில் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேசக்கூடிய வேகத்தில் தொடங்கி, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். சுற்றின் எண்ணை கிடை அச்சிலும் நேரத்தை நிலை அச்சிலும் வைத்து இரண்டு நாளுக்கும் வரைபடம் வரையுங்கள். 112, 110, 108, கடைசி 300 மீட்டருக்கு 80 என்று ஓட முடிந்தவருக்கு மொத்தம் 410 விநாடி ஆகும். ஏழு நிமிடத்தில் பத்து விநாடி மிச்சம்.